இதயத்துல ஒரு நிழல்

(முதல்லயே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டுறவன். இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ ஆரம்பிக்கவோ வேண்டாம். சரித்திரம் மட்டும்தான் நம்ம கடை சரக்கு.)

போன வருஷம் குமாரபாளையத்துல இருக்கற எங்க அத்தைக்கு மூச்சு வாங்குதுன்னு எக்கோ எடுத்தாங்க. ரிப்போர்ட்டை மாமா போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பினார். வீட்டுல இன்ஜினியர்னா எல்லாம் தெரியும்னு ஒரு நினைப்பு இருக்கு பாருங்க. கடைசி வரில இடது மேலறைல 1.2 செ.மீ. அளவுல ஒரு 'மாஸ்'னு போட்டிருந்தது. பக்கத்துல ரெண்டு வார்த்தை, ரெண்டு கேள்விக்குறி. மிக்சோமா? ரத்தக்கட்டி?

முதல் கேள்விக்குறி நிஜம்னா நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். ரெண்டாவது நிஜம்னா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை. ரெண்டுமே இல்லன்னா? அப்படி மூணாவதா ஒண்ணு இருக்கும்னு எங்க யாருக்கும் அப்பத் தோணல. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துடலாம்னு சொல்லிட்டாங்க. தேதி கிடைக்க பதினோரு நாள். அந்தப் பதினோரு நாள்ல மாமா ரெண்டு தறியை வித்துடலாமான்னு விலை விசாரிச்சுட்டு வந்துட்டார். நான் ராத்திரி ஆணி புடுங்கி முடிச்சதும் உக்காந்து படிச்சேன். என் கேள்வி ஒண்ணுதான். நிலாவுக்குப் போய்ட்டு வந்த மனுஷனுக்கு, கைமுட்டி அளவு இதயத்துக்குள்ள இருக்கறது என்னன்னு சொல்றதுல அப்படி என்னய்யா கஷ்டம்?

நிறையவே கஷ்டம்னு அப்பறம் புரிஞ்சது. அந்தக் கதைதான் இது.

1559-ல வெனிஸ்ல ஒரு உடற்கூறு புத்தகம் வந்தது. எழுதினவர் ரியால்டோ கொலம்போ. வெசாலியஸுக்குப் பிறகு பதுவாவுல பாடம் நடத்தினவர், மைக்கலாஞ்சலோவோட நண்பர். புத்தகம் வந்த அதே வருஷம் மனுஷன் இறந்தும் போயிட்டார். இதயத்துக்குள்ள ஒரு கட்டியைப் பார்த்ததா முதல்ல எழுதி வச்சவர்னு இவரைத்தான் சொல்றாங்க. ஆனா அவர் பார்த்தது நிஜமாவே கட்டியா, இல்ல உறைஞ்சு கெட்டியான ரத்தமா? மைக்ரோஸ்கோப் வர்றதுக்கு முந்தின காலம், சொல்ல வழியே கிடையாது. அத்தையோட ரிப்போர்ட்ல இருந்த அதே ரெண்டு கேள்விக்குறி 1559-லயே இருந்திருக்கு, பாருங்க.

அதுக்கப்பறம் முந்நூத்தி எழுபது வருஷத்துக்கு மேல இதயக்கட்டிங்கறது செத்த பிறகு மட்டும் தெரியற வியாதி. இது ரொம்ப அபூர்வமும் கூட. இதயத்துலயே பிறக்கற கட்டி, பிரேதப் பரிசோதனைக் கணக்குப்படி பத்தாயிரத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான். வேற இடத்துப் புற்றுநோய் இதயத்துக்குப் பரவறது அதைவிட இருபது மடங்குக்கு மேல. பிறக்கறதுலயும் பெரும்பாலானது புற்று இல்லாத கட்டி. பெரியவங்களுக்கு அதிகம் வர்றது மிக்சோமா. கொழகொழன்னு ஜெல்லி மாதிரி, பெரும்பாலும் இடது மேலறைல, நடுச்சுவர்ல ஒரு காம்பு வச்சுத் தொங்கும்.

புற்று இல்லன்னா நிம்மதின்னு நினைச்சுடாதீங்க. அது தொங்கற இடம் அப்படி. ஒவ்வொரு துடிப்புக்கும் கீழ இறங்கி மைட்ரல் வால்வை அடைக்கும், மறுபடி மேல போகும். ஸ்டெதஸ்கோப்ல அது 'பொத்'துன்னு இறங்கற சத்தம்கூடச் சில சமயம் கேக்கும். ஒரு துணுக்கு பிய்ஞ்சு ரத்தத்தோட மூளைக்குப் போனா பக்கவாதம். இத்தனைக்கும் அறிகுறி எல்லாம் அச்சு அசல் வால்வு சுருங்கின நோயாளி மாதிரியே இருக்கும். ரொம்ப கெட்டிக்கார டாக்டர்னா, உக்காந்தா ஒரு மாதிரி, படுத்தா ஒரு மாதிரி இருக்கேன்னு சந்தேகப்படுவார். அவ்வளவுதான் முடியும்.

1895-ல ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிச்சாரே, அதுல தெரியாதான்னு நானும் கேட்டேன். தெரியாது. எக்ஸ்ரேக்கு ரத்தமும் ஒண்ணுதான், சதையும் ஒண்ணுதான், கட்டியும் ஒண்ணுதான். இதயம் மொத்தமா ஒரு வெள்ளை நிழலா விழும். வெளிக்கோடு தெரியும், உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. பூட்டின வீட்டை வெளிய நின்னு பார்க்கற கதை.

உயிரோட இருக்கும்போதே முதல்முதலா ஒரு இதயக்கட்டியைக் கண்டுபிடிச்சது 1934-ல, அமெரிக்காவுல பார்ன்ஸ், பீவர், ஸ்னெல்னு மூணு பேர். அதுவும் எப்படி? ஈ.சி.ஜி.ல குளறுபடி, கூடவே புற்று பரவியிருந்த ஒரு நெறிக்கட்டியை வெட்டி மைக்ரோஸ்கோப்ல பார்த்தது. அதாவது கட்டியைப் பார்க்கல, ஊகிச்சாங்க. சர்வருக்குள்ள போக முடியாதப்ப லாக்கை மட்டும் வச்சு பக் கண்டுபிடிக்கறோமே, அந்த மாதிரி.

உள்ள போறதுக்கு வழி போட்டவர் ஒரு தனி ரகம். 1929, ஜெர்மனில எபர்ஸ்வால்டுன்னு ஒரு சின்ன ஊர். வெர்னர் ஃபோர்ஸ்மன்னு ஒரு இளம் டாக்டர், கை நரம்பு வழியா ஒரு குழாயை இதயம் வரைக்கும் விடலாம்னு சொல்றார். கூடாதுன்னு மேலதிகாரி தடை போட்டுட்டார். இவர் என்ன பண்ணார்னா, எனக்கே பண்ணுங்கன்னு துணிஞ்சு வந்த நர்ஸை மேஜைல கட்டிப்போட்டுட்டு, அவங்களுக்குப் பண்ற மாதிரி பாவ்லா காட்டிட்டு, தன் கையிலயே 65 செ.மீ. குழாயை ஏத்திக்கிட்டார். அப்பறம் அந்தக் குழாயோடவே எக்ஸ்ரே ரூமுக்கு நடந்து போய்ப் படமும் எடுத்தாச்சு. பாராட்டுக்குப் பதிலா நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டார். வெறுத்துப்போய் கடைசில சிறுநீரக டாக்டராயிட்டார். 1956-ல வீடு தேடி நோபல் வந்தது :-)

இதயத்துக்குள்ள குழாய் போகலாம்னா எக்ஸ்ரேயில தெரியற மருந்தையும் ஊத்தலாம். ரத்தம் வெள்ளையாத் தெரியும், கட்டி இருக்கற இடம் மட்டும் ஓட்டையாத் தெரியும். 1952-ல நியூயார்க்ல கோல்ட்பெர்க், க்ளென், டாட்டர், ஸ்டெயின்பெர்க்னு நாலு பேர், நோயாளியோட ரத்தத்துல மருந்து ஏத்தி எடுத்த படத்தை வச்சு இடது மேலறை மிக்சோமாவை உயிரோட இருக்கும்போதே கண்டுபிடிச்சுக் கட்டுரை எழுதினாங்க. கட்டுரைத் தலைப்புலயே 'ஆபரேஷன்லயும் பிரேதப் பரிசோதனைலயும் தெரிஞ்சது'ன்னு சேர்ந்து வருது. புரிஞ்சிருக்கும். கண்டுபிடிச்சாங்க, காப்பாத்த முடியல. துடிச்சுக்கிட்டே இருக்கற இதயத்தைத் திறந்து வேலை பார்க்க அப்ப வழி கிடையாது.

வழி அடுத்த ரெண்டே வருஷத்துல வந்தது. 1953-ல அமெரிக்காவுல கிப்பன், இதயம்-நுரையீரல் மெஷின் வச்சு முதல் வெற்றிகரமான ஆபரேஷனைச் செஞ்சார். 1954-ல ஸ்டாக்ஹோம்ல கிளாரன்ஸ் க்ராஃபோர்ட் அதே மாதிரி ஒரு மெஷினை வச்சு ஒரு பெண்ணோட இடது மேலறை மிக்சோமாவை எடுத்தார். அந்தம்மா பிழைச்சுக்கிட்டாங்க. கொலம்போ புத்தகம் வந்து கிட்டத்தட்ட நானூறு வருஷம் கழிச்சு, இந்தக் கட்டி குணமாகற வியாதியாச்சு.

இனிமே கட்டியைக் கண்டுபிடிக்கறதுல அர்த்தம் இருக்கு. ஆனா சந்தேகப்படற எல்லாருக்கும் குழாய் விட முடியுமா? குழாய் பட்டு அந்த ஜெல்லி பிய்ஞ்சா வேற வினையே வேண்டாம்.

எனக்கு இந்த மொத்தக் கதைல ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேதான். க்ராஃபோர்ட் ஆபரேஷன் பண்ண அதே ஸ்வீடன், லுண்ட் நகரம். இங்கே எட்லர்னு ஒரு இதய டாக்டருக்கு, ஆபரேஷனுக்கு முன்னாடியே மைட்ரல் வால்வு எப்படி இருக்குன்னு தெரிஞ்சாகணும். கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ்னு ஒரு இயற்பியல்காரரைப் பிடிக்கிறார். (ஹெர்ட்ஸ்னா நம்ம மெகாஹெர்ட்ஸ் ஹெர்ட்ஸ் குடும்பமேதான். இவர் அப்பா குஸ்தாவ் நோபல் வாங்கினவர், அப்பாவோட பெரியப்பாதான் அந்த ஹைன்ரிக்.) பக்கத்து ஊர் மால்மோவுல கோக்கும்ஸ்னு ஒரு கப்பல் கட்டற தளம். அங்க இரும்புல விரிசல் இருக்கான்னு மீயொலி வச்சுப் பார்க்கற ஒரு மெஷின் இருந்தது. அதைக் கொண்டுபோய் ஹெர்ட்ஸ் தன் நெஞ்சுமேல வச்சுப் பார்த்தார். உள்ள ஏதோ துடிக்கறது தெரிஞ்சது. சீமென்ஸ் கம்பெனில அப்பாவுக்கு இருந்த செல்வாக்குல அங்கேருந்து ஒரு மெஷின் கடனா வந்தது. 1953 அக்டோபர் 29 அன்னைக்கு இதயத்தோட எதிரொலியை முதல் தடவையாப் பதிவு பண்ணாங்க. கப்பல்ல விரிசல் தேடின மெஷின்தான் இன்னைக்கு நம்ம ஊர் லேப்ல ஜெல்லைத் தடவி எடுக்கற எக்கோவோட பாட்டன்.

அன்னைக்கு எக்கோன்னா படம் எல்லாம் கிடையாது. ஒரே ஒரு கோட்டுல ஒலியை அனுப்பி, எதிரொலி எவ்வளவு ஆழத்துலேருந்து வருதுன்னு நேரத்தோட சேர்த்து வரைஞ்சுக்கிட்டே போகும். ஒரு பிக்சல் அகலத்துல ஒரு சினிமா! அதுலயே கண்டுபிடிச்சாங்க. 1959-ல ஜெர்மனில எஃபெர்ட்டும் டோமானிக்கும் எக்கோ வச்சு மேலறைக்குள்ள இருக்கற கட்டியைக் கண்டுபிடிக்கறது பத்தி எழுதினாங்க. தலைப்பைக் கவனிங்க: கட்டிகளும், பெரிய ரத்தக்கட்டிகளும். ரெண்டும் சேர்ந்தேதான் வருது. இருக்குன்னு சொல்ல முடிஞ்சது, எதுன்னு சொல்ல முடியல.

70-கள்ல ரோட்டர்டாம்ல போம் மாதிரி ஆளுங்களால கோடு படமாச்சு. 80-கள்ல தொண்டை வழியா விடற எக்கோவும் நல்லா வளர்ந்து, இடது மேலறையை ஒட்டி இருக்கற உணவுக்குழாய்லேருந்தே எட்டிப் பார்க்க முடிஞ்சது. மிக்சோமா தப்பிக்கவே முடியாதுங்கற நிலைமை வந்தது.

ஆனா புதுசா ஒரு தலைவலியும் கூடவே வந்தது. அதுவரைக்கும் கட்டி இருந்தும் தெரியல. இப்ப கட்டி இல்லாமயே தெரிய ஆரம்பிச்சது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. பத்தாயிரத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு இருக்கற விஷயம். எக்கோவோ தெருவுக்குத் தெரு எடுக்கறோம். ஆயிரத்துல ஒருத்தருக்குத் தப்பா நிழல் விழுந்தாலே, நிஜக் கட்டியைவிடப் பொய்க் கட்டி பல மடங்கு ஆகிடும். அப்படி நிழல் விழறதுக்கு இதயத்துக்குள்ள ஏகப்பட்ட சாமான் இருக்கு. கருவுல இருந்தப்ப தேவைப்பட்டு அப்பறம் மிச்சமா நின்னுபோன வால்வுத் துண்டு, 1897-ல கியாரி விவரிச்ச வலை மாதிரியான நூல்கள், நடுச்சுவர்ல சேர்ற கொழுப்பு. இரைப்பை கொஞ்சம் மேல ஏறி நெஞ்சுக்குள்ள வந்துட்டாக்கூட மேலறைக் கட்டி மாதிரியே தெரியுமாம்!

இதுல ராஜா, கூமடின் மடிப்பு. இடது மேலறைல ஒரு ரத்தக்குழாய் வந்து சேர்ற இடத்துக்கும், பக்கத்துல இருக்கற சின்னப் பைக்கும் நடுவுல ஒரு சதை மடிப்பு உண்டு. எல்லாருக்கும் உண்டு. சிலருக்குக் கொஞ்சம் தூக்கலா இருக்கும், நுனி உருண்டையாத் தெரியும். அதை ரத்தக்கட்டின்னு நினைச்சு எத்தனையோ பேருக்கு கூமடின் மாத்திரை கொடுத்திருக்காங்க. கூமடின்னா வார்ஃபரின். 1948-ல எலி மருந்தா விற்பனைக்கு வந்து, 50-கள்ல மனுஷங்களுக்கும் மருந்தான அதே சரக்கு. தப்பாக் கொடுத்த மருந்தோட பேரையே அந்த மடிப்புக்கு வச்சுட்டாங்க! தன் தொழில்ல நடந்த தப்பைப் பேராவே பதிஞ்சு வச்ச அந்த நேர்மை எனக்குப் பிடிச்சிருக்கு. நாங்களும் வேரியபிளுக்கு இந்த மாதிரி பேர் வைக்கறதுண்டு, ஆனா வெளிய சொல்ல மாட்டோம்.

ஆக கேள்வி மாறிடுச்சு. 'தெரியுதா' இல்ல, 'தெரியறது எதால ஆனது'. எக்கோ வடிவத்தைச் சொல்லும், அசைவைச் சொல்லும். சதையா, கொழுப்பா, உறைஞ்ச ரத்தமான்னு கேட்டா திணறும். அங்கதான் எம்.ஆர்.ஐ. வருது.

எம்.ஆர்.ஐ. பிறந்த கதை தனிப் பதிவு போடற அளவுக்குச் சண்டை நிறைஞ்சது. சுருக்கமா: எலிகளோட கட்டித் திசு, காந்தப்புலத்துல நல்ல திசுவைவிட வேற மாதிரி நடந்துக்குதுன்னு 1971-ல ரேமண்ட் டமேடியன் எழுதினார். அதைப் படமா மாத்தற வழியை 1973-ல லாட்டர்பர் சொன்னார். 1977 ஜூலை 3, டமேடியன் தன் கையால கட்டின மெஷின்ல முதல் மனுஷ ஸ்கேன். முதல்ல தானே உள்ள உக்காந்து பார்த்தார், சிக்னலே வரல. ஆள் கொஞ்சம் குண்டு. அப்பறம் ஒல்லியா இருந்த உதவியாளர் மின்காஃப் உக்காந்தார். ஐந்து மணி நேரம் போல ஆச்சு, நெஞ்சோட ஒரே ஒரு குறுக்குவெட்டுக்கு. 2003-ல நோபல் லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் போச்சு, டமேடியனுக்கு இல்ல. மனுஷன் பேப்பர்ல முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டார்.

ஒரு படத்துக்கு ஐந்து மணி நேரம்னா, அதுக்குள்ள இதயம் எத்தனை ஆயிரம் தடவை துடிச்சிருக்கும்? ஓடிக்கிட்டே இருக்கற ஃபேனோட றெக்கைல என்ன எழுதியிருக்குன்னு படிக்கற வேலை இது. இதுக்குப் பண்ண தந்திரம்தான் அழகு. ஈ.சி.ஜி.யை மெஷினோட இணைச்சுடுவாங்க. ஒவ்வொரு துடிப்புலயும் அதே கட்டம் வரும்போது மட்டும் படத்தோட கொஞ்ச டேட்டாவை எடுத்துக்கும். பல துடிப்புல எடுத்த துண்டுகளைக் கோத்தா, அசையாம நின்ன மாதிரி ஒரு படம். நோயாளி அந்தச் சில விநாடி மூச்சைப் பிடிச்சுக்கணும். நாடி தாறுமாறா இருந்தா கோக்கறது சொதப்பிடும்.

அடுத்தது விசாரணை. ஒரே கட்டியைப் பல விதமாக் கேள்வி கேப்பாங்க. ஒரு முறைல கொழுப்பு பளிச்சுன்னு தெரியும். கொழுப்பை மட்டும் அணைக்கற முறைல அது கறுத்துட்டா, ஆமா, வெறும் கொழுப்புக் கட்டி. இன்னொண்ணுல நீர்ச்சத்து பளிச்சுன்னு தெரியும், மிக்சோமா அதுல பெரும்பாலும் மாட்டிக்கும். கடைசியா கேடோலினியம்னு ஒரு மருந்தை ஊசில ஏத்துவாங்க. உயிருள்ள கட்டின்னா அதுக்கு ரத்தக்குழாய் இருக்கும், மருந்தைக் குடிக்கும், வெளுக்கும். ரத்தக்கட்டிக்கு ஏது ரத்தக்குழாய்? சுத்தி எல்லாம் வெளுத்திருக்க, அது மட்டும் கரி மாதிரி கறுப்பா நிக்கும். மருந்து ஏத்தி கொஞ்ச நேரம் கழிச்சு எடுக்கற இந்தப் படத்தை 2000-ஐ ஒட்டின வருஷங்கள்ல நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல கிம், ஜட் குழு பிரமாதமாத் தேத்தினாங்க. அவங்க தேடினது மாரடைப்பு வந்த தழும்பை. அதே தந்திரம் கட்டிக்கும் உதவிச்சு.

நானூறு வருஷமா ஒட்டிக்கிட்டே வந்த அந்த ரெண்டு வார்த்தையும் இங்கதான் ஒருவழியாப் பிரிஞ்சுது.

எம்.ஆர்.ஐ. ஒண்ணும் சாமி இல்ல. வால்வுல படபடன்னு ஆடற குட்டிக் கட்டிக்கு எக்கோதான் இன்னமும் மேல, சுண்ணாம்பு படிஞ்சதுக்கு சி.டி. சிறுநீரகம் ரொம்பப் பழுதானவங்களுக்கு மருந்து ஏத்தறதுல யோசிக்கணும். அதைவிட முக்கியம், தெரிஞ்சுக்கறது வேற, குணமாக்கறது வேற. வலது மேலறைல வர்ற ஆஞ்சியோசார்கோமாவை எவ்வளவு துல்லியமாப் படம் புடிச்சாலும், அது பெரும்பாலானவங்களுக்கு மாசக் கணக்குலதான் அவகாசம் கொடுக்குது.

இதையெல்லாம் படிச்சுக்கிட்டே வந்தப்ப ஒரு ஆராய்ச்சி மாட்டிச்சு. ஐரோப்பிய இதய இதழ்ல வந்தது, 2022 இதழ். இதயத்துல கட்டி இருக்கலாம்னு சந்தேகப்பட்டு எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பின 903 பேரைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்திருக்காங்க. அதுல 25 சதவீதம் பேருக்கு எதுவுமே இல்ல. இன்னொரு 16 சதவீதம் பேருக்கு, கட்டி மாதிரி தெரியற வேற ஏதோ சாதாரண சமாச்சாரம். கடைசில உறுதியான முடிவோட ஒப்பிட்டா எம்.ஆர்.ஐ. சொன்னது 98.4 சதவீதம் சரி. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த 25-ஐயும் 16-ஐயும் நான் எத்தனை தடவை கூட்டிப் பார்த்தேன்னு கேக்காதீங்க. நாப்பத்தி ஒண்ணுதான் வந்தது. அத்தைக்குப் போன் பண்ணிச் சொல்லலாம்னு நினைச்சேன். மிச்சம் அம்பத்தொம்பது எங்கேன்னு அத்தை கேட்டா என்ன சொல்றதுன்னு சொல்லல.

பன்னிரண்டாம் நாள் ஸ்கேன். முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆச்சு. மாமா வெளிய நாலு டீ குடிச்சார். அத்தை வெளிய வந்து சொன்ன முதல் வார்த்தை: "நம்ம தறிச் சத்தந்தான் கண்ணு. நல்லாத் தூக்கம் வந்துருச்சு, மூச்சப் புடி மூச்சப் புடின்னு எழுப்பிக்கிட்டே இருந்தாங்க." (அந்தச் சத்தம் மெஷினுக்குள்ள இருக்கற காயில்ல மின்சாரம் மாறி மாறிப் பாயறப்ப காந்தப்புலத்துல அது அதிர்றதால வருது. தறியில நாடா அடிக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா அத்தை சொன்ன பிறகு எனக்கும் அப்படித்தான் கேக்குது.)

மறுநாள் ரிப்போர்ட். கட்டியும் இல்ல, ரத்தக்கட்டியும் இல்ல. பைக்கும் குழாய்க்கும் நடுவுல இருக்கற அந்த மடிப்பு, கொஞ்சம் தடிப்பா. மூச்சு வாங்கினது ரத்தசோகைல, அதுக்கு இரும்புச்சத்து மாத்திரை. மாமா ரிப்போர்ட்டை ரெண்டு தடவை மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டார், பேசல.

அத்தைக்கு நான் விளக்கினேன். அது வியாதி இல்ல அத்தை, எல்லாருக்கும் இருக்கற மடிப்புதான், உங்களுக்குக் கொஞ்சம் எடுப்பா இருக்கு.

"அப்ப உனக்கும் இருக்குதா?"

"இருக்குது அத்தை."

"மாமாவுக்கு?"

"அவருக்குந்தான்."

அத்தை மாமாவைத் திரும்பிப் பார்த்தாங்க. "கேட்டுக்கங்க. தறிக்கு வெல பேசுனவங்ககிட்ட இல்லேன்னு சொல்லிட்டு வாங்க, போங்க."